அடைக் கூடையில் வைத்த இரும்பு

இது நடந்து சில வருஷம் ஆகிறது. ஊரடங்கெல்லாம் முடிந்து ஜனங்கள் மறுபடி தொழிலுக்குப் போக ஆரம்பித்திருந்த ஒரு புரட்டாசி மாதம். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில், ஒரு பக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ரோடு, இன்னொரு பக்கம் கருங்கல் கொட்டிய கடற்கரை, நடுவில் எங்கள் குப்பம். அங்கே ஒரு கோழியால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கோழி என்றதும் சிரிப்பாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அந்தப் புரட்டாசி வரைக்கும்.

என் வீட்டுக்காரருக்குக் கடல் தொழில். கரையில் இருக்கும் நேரமெல்லாம் கோழி. கொருக்குப்பேட்டையில் சண்டைக்கோழி வளர்க்கும் தோஸ்து ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கறுப்புப் பெட்டையை வாங்கி வந்திருந்தார். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. துவைத்துப் போட்ட துணி மேல் ஏறும், காயவைத்த கருவாட்டைக் கிளறும், விரட்டினால் முறைக்கும். "ஒரு நாள் இல்ல ஒரு நாள் உன்ன அறுத்துக் கொழம்பு வக்கிறேன் பாரு" என்று தினமும் திட்டுவேன். அவர் கேட்டுவிட்டுச் சிரிப்பார். கோழியைத் திட்டினால் தன்னைத் திட்டுவதாக எடுத்துக்கொள்கிற மனுஷன், ஆனால் கோபம் மட்டும் வராது.

அந்தப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. புரட்டாசியில் எங்கள் பக்கம் சாயங்காலமானால் இடி இடிக்கும். அடை வைத்த முட்டைக்கு இடி ஆகாது, உள்ளே கலங்கிக் கூமுட்டையாகிவிடும் என்று எங்கள் ஜனங்கள் சொல்வார்கள். அதனால் முட்டை வைக்கும் கூடையில் ஒரு கரித்துண்டும் ஏதாவது ஓர் இரும்பும் போட்டு வைப்பது வழக்கம். ஆணி, பழைய தாழ்ப்பாள், எது கையில் கிடைக்கிறதோ அது. நான் காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்புவதற்குள், மீன் கூடையில் மணல் கொட்டி, மேலே கோணி விரித்து, முட்டைகளை அடுக்கிக் கோழியை உட்கார வைத்திருந்தார்.

"அட வச்சிட்டேன். கரி வச்சிட்டேன், இரும்பு வச்சிட்டேன். இடி இன்னா, குண்டே வுழுந்தாலும் கவல இல்ல" என்றார்.

"மொதல்ல சோறு துன்னு" என்றேன் நான். கடைசியாக நாங்கள் உட்கார்ந்து பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் விடியும் முன்னே மூன்று பேர் ஒரு பைபர் போட்டில் கிளம்பினார்கள். போட்டுக்குச் சொந்தக்காரரான பெரியவர், என் வீட்டுக்காரர், எதிர்வீட்டுத் தம்பி. அந்தத் தம்பி எங்களுக்கு உறவில்லை. ஆனால் அவரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிட்டுக்கொண்டு பாதி நாள் எங்கள் வீட்டில்தான் கிடப்பான். மூவரில் இளையவன் என்பதால் சாமான் பையைத் தூக்கிவருவது அவன் வேலை. இஞ்சினுக்கு வேண்டிய சுத்தி, ஸ்க்ரூ டிரைவர், பானா எல்லாம் அதில் இருக்கும். பானா என்றால் ஸ்பேனர்.

மத்தியானம் திரும்ப வேண்டியவர்கள் திரும்பவில்லை. சாயங்காலம் காற்று தலைகீழாக மாறி அடித்தது. மறுநாள் வேறொரு போட்டுக்காரர்கள் அந்தத் தம்பியை மட்டும் கொண்டுவந்து இறக்கினார்கள். காலியான டீசல் கேனைக் கட்டிப்பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தானாம். கரையில் வைத்துக் கேனை அவன் கையிலிருந்து பிரிக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அப்புறம் பெரியவரின் உடம்பு எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் ஒதுங்கியது. என் வீட்டுக்காரர் வரவில்லை. உயிராகவும் வரவில்லை, உடம்பாகவும் வரவில்லை.

ஊர்க் கூட்டத்தில் அந்தத் தம்பியை நடுவில் உட்கார வைத்து விசாரித்தார்கள். நானும் ஒரு ஓரத்தில் இருந்தேன். டீசல் பைப்பில் காற்று புகுந்து இஞ்சின் நின்றுவிட்டது. நட்டைக் கொஞ்சம் தளர்த்திக் காற்றை வெளியே விட்டால் ஓடிவிடும். கடலுக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு பெரிய வேலையே இல்லை. ஆனால் அந்த நட்டுக்கு உரிய பானா பையில் இல்லை. துணி சுற்றிக் கையால் திருகிப் பார்த்தார்கள். பிறகு இவன் குனிந்து பல்லால் கடித்துத் திருகப் பார்த்திருக்கிறான். முன்பல் பாதி உடைந்ததுதான் மிச்சம். போன் சிக்னல் எட்டாத தூரம். மிதந்துகொண்டே கிடந்தபோது காற்று திரும்பிப் போட்டைக் கவிழ்த்துவிட்டது.

"பானா எங்கடா போச்சு?" என்று கேட்டார்கள்.

"தெர்ல. நான்தான் பையப் பாக்காம தூக்கினு போய்ட்டேன்" என்றான். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்.

பெரியவரின் சம்சாரம் எழுந்து போய் அவன் முகத்துக்கு நேரே நின்று, "கூமுட்டை" என்றார். சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. அந்த ஒரு சொல்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. குப்பத்துப் பிள்ளைகள்கூட அவன் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எந்தப் போட்டிலும் அவனை ஏற்றிக்கொள்ளவில்லை. பேசி வைத்திருந்த பெண் வீட்டில் கையை விரித்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்து கடலைத் தவிர வேறெதுவும் தெரியாதவன், காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போனான். இங்கே பஸ் ஏறினால் தெரிந்தவர் யாராவது பார்ப்பார்கள் என்று அவ்வளவு தூரமும் நடந்தே போவான்.

எனக்கும் அவன் மேல் வெறுப்புதான். வாய் விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அவன் மட்டும் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து என் வாசலில் நிற்பான். உள்ளே வரமாட்டான். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டான். ஒரே ஒரு கேள்விதான்.

"கோழி எறங்குச்சா அண்ணி?"

"இல்ல" என்பேன். தலையாட்டிவிட்டுப் போய்விடுவான்.

கோழி இறங்கவில்லை. மூன்று வாரத்தில் பொரிய வேண்டிய முட்டைகள் பொரியவில்லை. கெடு தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, அது எழுந்திருக்கிற வழியைக் காணோம். பக்கத்தில் நொய்யும் தண்ணீரும் வைத்தால் எப்போதாவது ஒரு வாய் கொத்தும். பிறகு மறுபடி ரெக்கையைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். கொண்டை வெளுத்துவிட்டது. நெஞ்சு எலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு வந்தது. யாராவது கையை நீட்டினால் மட்டும் எங்கிருந்துதான் பலம் வருமோ, சதையைப் பிய்த்துவிடும்.

அடை கலைக்க ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். தண்ணீரில் முக்கு, மூக்கில் இறகைக் குத்து, கூடையை எடுத்துக் கடலில் வீசு. நான் யாரையும் கிட்டே விடவில்லை. அந்த முட்டைகளை அவர் கையால் வைத்தார். அந்தக் கூடைக்கு மணல் அள்ளியது அவர். அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. இது புரியாமல் குப்பமே கோழியைக் காட்டி எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தது. பெரியவரின் சம்சாரம் வந்து உட்கார்ந்தார். எனக்கு அவர் அத்தை முறை.

"இன்னாமே இது. அது கூமுட்டையக் கட்டிக்கினு சாவுது, நீ இல்லாதவன நெனச்சிக்கினு சாவுற. எனக்கு உடம்பாவது கெடச்சிச்சி, கொள்ளி வச்சாச்சி. உனக்கு அதுவும் இல்ல. ஊர்ல நாள் குறிக்கச் சொல்லு. போட்டோவ வச்சாவது செய்ய வேண்டியத செஞ்சி முடி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோழி வேற, நான் வேற அத்த" என்றேன். அவர் தாலி இல்லாத தன் கழுத்தைத் தடவிக்கொண்டு, என் கழுத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தப்பில்லாததை எல்லாம் கேட்டுக்கொள்ள அப்போது எனக்குத் தெம்பில்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அந்தத் தம்பி கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே கீச் கீச் என்று சத்தம். திறந்து பார்த்தால் ரோஸ், பச்சை, ஆரஞ்சு. தேரடியில் சைக்கிளில் வைத்துப் பிள்ளைகளுக்கு விற்பார்களே, சாயம் முக்கிய கோழிக்குஞ்சுகள். அவர் போன பிறகு முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

"இத்த அடியில வச்சிட்டா தன் குஞ்சுன்னு நெனச்சிக்கும் அண்ணி. எந்திரிச்சி எர தின்னும். பொழச்சிக்கும்" என்றான்.

"இந்தக் கலர்லயா?"

"இருட்டுல கலர் இன்னா தெரியும். வெளக்கு போடாம ஒவ்வொரு முட்டையா எடுத்துட்டு ஒவ்வொரு குஞ்சா வுடணும். காலைல அது கண்ணு முழிக்கச்சொல்ல பழகிப் பூடும்." நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "அண்ணன் கோழி அண்ணி. அத்தயும் சாவ வுடாத."

அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் விளக்கு போடாமல் கதவைச் சாத்தினோம். "நீ வெளிய குந்து அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்றான். நான் வாசலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே கோழி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவன் புறங்கையில் ரத்தம் வடிய வெளியே வந்து, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி போனான். மறுபடி அதே கூச்சல். இப்படியே போனால் மிரண்டுபோய் முட்டையையும் குஞ்சையும் மிதித்துவிடும்.

"நீ தள்ளு, நான் கைய வுடறேன்" என்றேன்.

"வேணாம் அண்ணி. இன்னொரு தபா பாக்கறேன்."

"தள்ளுடான்றேன்."

அவன் கூடையை விட்டு நகரவே இல்லை. என் கையைக் கோழி கொத்திவிடுமோ என்று பயப்படுகிறான் போல என்று நினைத்துக்கொண்டு, தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டுத்தான் நான் உட்கார வேண்டியிருந்தது.

என்னை அது ஒரே ஒரு தடவை கொத்தியது. அப்புறம் கொர்ர் என்று முனகிக்கொண்டே விட்டுவிட்டது. தினமும் திட்டுகிறவளின் கை என்று தெரிந்திருக்கும். வயிற்றுக்குக் கீழே கையை நுழைத்தேன். அவ்வளவு மெலிந்த உடம்பில் அவ்வளவு சூடு. முதல் முட்டையை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினேன். களக் என்றது. யார் சொல்லியும் நான் நம்பாததை அந்தச் சத்தம் சொல்லிவிட்டது. முட்டையை ஓரமாக வைத்துவிட்டு, தம்பி நீட்டிய குஞ்சை வாங்கி உள்ளே விட்டேன். அடுத்த முட்டை. களக். அடுத்தது. எல்லாமே களக். கரி வைத்தார், இரும்பு வைத்தார், ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கடைசி முட்டைக்காகக் கோணிக்கு அடியில் கையை விட்டபோது விரலில் இரும்பு தட்டியது.

இடிக்காக வைத்தது என்று ஒதுக்கப் போனேன். விரல் அதன் மேலேயே நின்றுவிட்டது. பிடியில் நைலான் வலைக்கயிறு நெருக்கமாகச் சுற்றியிருந்தது. எண்ணெய்க் கை வழுக்கக் கூடாது என்று அவர் சுற்றிய கயிறு. முடிச்சைக் கொளுத்தி அமுக்கிய இடத்தில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். அதுவும் இருந்தது. கண்ணால் பார்க்கும் முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது. கடலுக்குப் போனதற்கு முந்தின நாள் சாயங்காலம் கரையில் இஞ்சின் நட்டை முறுக்கிவிட்டு, பானாவை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். முட்டை வைக்க இரும்பு வேண்டும். இடுப்பில் இருந்ததை எடுத்து வைத்துவிட்டார். காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ரோட்டில் நின்ற லாரிகளின் வெளிச்சம் எங்கள் சந்து வரைக்கும் கொஞ்சம் விழும். அந்த வெளிச்சத்தில் நீட்டினேன். அந்தத் தம்பி பார்த்தான். அதிர்ச்சி அடைந்தவன் மாதிரியும் இல்லை, கோபப்பட்டவன் மாதிரியும் இல்லை. உடைந்த பல் தெரியாதபடி உதட்டை மூடிக்கொண்டான்.

"இது வேற பானா அண்ணி" என்றான்.

"கயிறு..."

"எல்லாரும்தான் கயிறு சுத்துவாங்க. நம்ம போட்டு பானா இது இல்ல. குட்த்துடு, நான் எங்கனா போட்டுடறேன்."

நான் கொடுக்கவில்லை. அவன் உள்ளே போய் மிச்சமிருந்த குஞ்சுகளைக் கோழி ரெக்கையோரம் நகர்த்தினான். அது இப்போது அவனைக் கொத்தவில்லை. கூமுட்டைகளைத் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு கருங்கல் பக்கம் நடந்து போனான்.

விடிந்ததும் பார்த்தேன். கோழியின் குரலே மாறியிருந்தது. க்ளக் க்ளக் என்று அடித்தொண்டையில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கழுத்துக்கு அடியிலிருந்து ஒரு ரோஸ் தலை எட்டிப் பார்த்தது. கோழி குனிந்து அதை ஒரு கண்ணால் பார்த்தது, தலையைத் திருப்பி இன்னொரு கண்ணாலும் பார்த்தது. பிறகு ரெக்கையைக் கொஞ்சம் தூக்கி உள்ளே தள்ளிக்கொண்டது. அன்றைக்குத்தான் எழுந்து வந்து வயிறாரத் தின்றது. பச்சைக் குஞ்சு ஒன்று மட்டும் மத்தியானம் சுருண்டு செத்தது. மற்றதெல்லாம் அதன் பின்னால் வரிசையாக ஓடியதைப் பார்க்கக் குப்பமே கூடியது.

"பாத்தியாமே, கோழிக்கே புத்தி வந்துச்சு" என்றார் அத்தை. பானா அரிசி டின்னுக்குள் கிடந்தது.

அந்த நாட்களில் நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தத் தம்பியே வேறு பானா என்று சொல்லிவிட்டான். நான் பேசாமல் இருந்தால் பிரளயம் ஒன்றும் வராது. என் வீட்டுக்காரரைப் பற்றி ஊரில் ஒருவரும் ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. அந்த நல்ல பெயர் ஒன்றுதான் எனக்கு மிஞ்சியது. சொன்னால் அதுவும் போய்விடும். சொல்லாவிட்டால், ஒருவன் உயிரோடு இருக்கிற வரைக்கும் கூமுட்டையாகவே இருப்பான். அரிசி அளக்கும்போதெல்லாம் படி அந்த இரும்பில் இடித்தது.

கார்த்திகை பிறப்பதற்குள் கருமாதி என்று ஊரில் நாள் குறித்தார்கள். நான் சரி என்றேன். காதில் களக் என்று கேட்ட பிறகு, திரும்பி வருவார் என்ற நினைப்பும் எனக்கு விட்டுப்போயிருந்தது. கடற்கரையில் அவர் போட்டோவை வைத்து மாலை போட்டார்கள். நான் பானாவை மடியில் செருகிக்கொண்டு போனேன். கொண்டுபோனேனே தவிர, என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அந்தத் தம்பி கூட்டத்துக்குள் வரவில்லை. தள்ளி, கருங்கல் ஓரமாக ஒரு மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அத்தை அவனைப் பார்த்துவிட்டார்.

"நீ எங்கடா வந்த, கூமுட்டை. ரெண்டு குடும்பத்தயும் அறுத்துட்டு மால வேற கொண்ணாந்தியா" என்றார்.

ஆண்கள் யாரும் தடுக்கவில்லை. அவன் மாலையை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பித்தான். அவன் முதுகைப் பார்த்தேன். அதற்கு அப்புறம் யோசிக்க எதுவும் இல்லை. மடியிலிருந்து பானாவை எடுத்துப் போட்டோவுக்கு முன்னால் மணலில் வைத்தேன்.

"பானாவ அவன் தொலைக்கல. இவருதான் எடுத்தாந்தாரு. எங்க வூட்டுக் கோழிக் கூடையில, முட்டைக்கு அடியில வச்சிருந்தாரு. இப்பத்தான் கெடச்சிச்சி" என்றேன்.

அத்தை குனிந்து பானாவை எடுத்தார். கயிற்றைக் கட்டைவிரலால் தடவினார். அவர் வீட்டு வலையில் மிஞ்சிய கயிறுதான் அது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். என்னை அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டது இதுதான்.

"ஒரு கோழி முட்டைக்காமே?"

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. திடீரென்று மழை தூறினால் அவர் காயவைத்த கருவாட்டை நான் வாரி உள்ளே வைப்பேன். வேண்டாம் என்றும் சொல்லமாட்டார், என்னைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்.

கருமாதி நடந்த அன்று சாயங்காலம் அந்தத் தம்பி வந்தான். அவ்வளவு கோபத்தை அவனிடம் நான் பார்த்ததே இல்லை.

"எதுக்கு அண்ணி சொன்ன? நான்தான் வேற பானான்னு சொன்னேனே."

"உனக்கு அது அதே பானான்னு தெரியாதா?"

கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கூடைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவன் சொன்னான்.

"எனக்கு மொதல்லயே தெரியும் அண்ணி. அண்ணனுக்குக் கடல்லயே ஞாபகம் வந்துடுச்சி. பானா கோழிக் கூடைல கீதுடான்னுச்சு. பெரியவரு ரெண்டு கெட்ட வார்த்த வுட்டுட்டு அப்பால அவரும் சிரிச்சிட்டாரு. அப்ப காத்து ஒண்ணும் பெருசா இல்ல. எதனா போட்டு வரும், கட்டி இழுத்துக்கினு பூடலாம்னுதான் இருந்தோம். அண்ணன்தான், இத்த அவளாண்ட சொல்லிடாதடா, கோழிய அறுத்துக் கொழம்பு வச்சிடுவான்னுச்சு. நான் சொல்ல மாட்டேன்னேன்." என் பக்கம் திரும்பி, "சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன் இல்ல அண்ணி" என்றான்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தினமும் வாசலில் நின்று கோழி இறங்கியதா என்று கேட்டது கோழிக்காக இல்லை. அது இறங்கினால் நான் கூடையைக் கலைப்பேன், கலைத்தால் பானா கிடைக்கும். அதற்கு முன்னால் தானே எடுத்துவிட வேண்டும் என்றுதான் சாயக் குஞ்சுகளை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். இருட்டில் கையை விட்டு, முட்டையோடு முட்டையாக அதையும் எடுத்துப் போயிருப்பான். எனக்குத் தெரிந்தே இருக்காது. கோழி அவனைக் கொத்தி விரட்டிவிட்டது, நானும் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டேன்.

இப்போது அவன் மறுபடி கடலுக்குப் போகிறான். முதலில் ஏற்றிக்கொண்டது பெரியவரின் மச்சான்தான். பெரியவர் சிரித்ததை அத்தையிடமும் போய்ச் சொன்னானாம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாராம். உடைந்த பல்லை அவன் கட்டிக்கொள்ளவில்லை, கல்யாணமும் இன்னும் ஆகவில்லை. குஞ்சுகள் சாயமெல்லாம் போய் வெள்ளைச் சேவல்களாக வளர்ந்தன. அந்தக் கறுப்புப் பெட்டை கிழடாகிவிட்டது, இன்னும் என் கருவாட்டைக் கிளறுகிறது. அறுப்பேன் என்று அப்புறம் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அது அடைக்கு உட்காரும்போதெல்லாம் கரி வை, இரும்பு வை என்று அக்கம்பக்கத்தில் ஞாபகப்படுத்துகிறார்கள். கரி மட்டும் வைக்கிறேன். இடி இடிக்கிற ராத்திரிகளில் என் வீட்டுக்காரர் ஞாபகம் வருவது இயற்கைதான். ஆனால் அவரை நினைத்து அழுததைவிட, புறங்கையில் ரத்தத்தோடு அந்த வாசலில் நின்று "இது வேற பானா அண்ணி" என்று சொன்னவனை நினைத்து நான் அழுததுதான் அதிகம்.